குழல் வாங்குவோர் கவனத்திற்கு: அடியார்க்கு நல்லார் முதல் அபர்டீன் பஜார் வரை

குழலின் பெருமையை நம் சங்க விழா மேடையில் கேட்காத ஆண்டில்லை. அகநானூற்று 82-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் மலையில், வண்டு துளைத்த மூங்கிலுக்குள் கோடைக்காற்று புகுந்து தானே குழல் வாசிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் தீக்கடைகோலில் பிறந்த நெருப்பால் துளை சுட்டுத் தன் குழலைத் தானே செய்துகொள்கிறான். வள்ளுவரும் மழலைக்கு ஒப்புச் சொல்லக் குழலையும் யாழையுமே எடுத்தார். இவை நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

நான் எழுத வந்தது வேறு. நான் கடைக்காரன். ஒரு பொருளைக் கண்டால், இது எதனால் செய்தது, யார் செய்தது, என்ன விலை பெறும், வாங்கிக்கிட்டுப் போனவர் நாளைக்குத் திரும்பி வந்து சண்டை போடுவாரா என்றுதான் என் புத்தி முதலில் ஓடும். அந்தப் புத்தியோடு குழலைப் பார்த்ததில் நான் கற்றதும், கற்பதற்கு முன் செய்த ஒரு தவறும் இக்கட்டுரையில் உள்ளன. மெயின்லேண்டிலிருந்து குழல் வரவழைக்கும் தீவுக் குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்துச் சமணர். நயினார் என்று அழைப்பார்கள். 1969-இல் அப்பா கப்பலேறி வந்து அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை போட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடியே நான் படித்த தமிழ்தான் என் தமிழ். பட்டம் ஏதும் கிடையாது. பாத்திரத்தோடு பாத்திரமாக ஜால்ரா, கஞ்சிரா, சுருதிப்பெட்டி, புல்லாங்குழல் எல்லாம் கேட்பவர்களுக்குத் தருவித்துக் கொடுப்பது அப்பா காலத்திலேயே பழக்கம்.

1997-இல் நடந்தது

ஒரு நாள் அரசு அலுவலர் ஒருவர் தம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். ரேடியோவில் குழல் கேட்டு ஆசைப்பட்டிருக்கிறாள். சென்னை மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து அப்போதுதான் இரண்டு டஜன் குழல் ஹேடோவில் இறங்கியிருந்தது. பளபளவென்று வார்னிஷ் போட்டு, சிவப்பு நூல் சுற்றி, பார்க்க லட்சணமாக இருந்தவற்றில் ஒன்றை எடுத்து அறுபது ரூபாய்க்குக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். "மாமா, எனக்கு இது வராதாம். கீழே ஸ வந்தா மேலே வரமாட்டேங்குது. பாட்டு டீச்சர் எனக்கு சுருதி ஞானமே இல்லைன்னுட்டாங்க. நீங்களே எடுத்துக்கறீங்களா?" என்றாள். நானும் வியாபாரி பாருங்கள், "பழசாயிடுச்சே பாப்பா" என்று சொல்லி முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் குழல் கடைப் பரணில் பதினாறு ஆண்டு கிடந்தது.

உரையாசிரியர் சொன்ன வியாபார இலக்கணம்

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலோன் அமைதி கூறும் பகுதிக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையை, குழல் வாங்குகிறவன், விற்கிறவன் இருவரும் படிக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1892-இல் அவ்வுரையோடு சிலம்பை அச்சிட்டார். (அதற்கு ஐந்தாண்டு முன் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் கேட்டுத் தெளிந்தார் என்பதை எங்கள் வீடுகளில் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.)

குழல் செய்ய ஐந்து பொருள்களை உரையாசிரியர் கூறுகிறார்: மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி. இவற்றுள் மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம் என்று தரமும் பிரிக்கிறார். அதன்பின் அவர் சொல்வதுதான் எனக்கு வியப்பு. மரம் சமநிலத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும். நாலு பக்கக் காற்றும் மோதிக் குழப்பும் இடத்து மரம் ஆகாது. இளசும் கூடாது, முற்றிக் கிழடானதும் கூடாது. வெட்டியபின் நிழலில் ஆறவிட வேண்டும். முறுக்கிக்கொள்கிறதா, பிளக்கிறதா, வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓராண்டு கழிந்த பிறகே அதைக் குழலாக்க வேண்டும்.

ஓராண்டு! இதில்தான் விலை இருக்கிறது. இன்று நல்ல குழல் செய்பவர் மூங்கிலை மாதக்கணக்கில் போட்டு வைத்து, வெடித்ததைக் கழித்து, மிச்சத்தில்தான் துளையிடுகிறார். திருவிழாக் கடைக்குப் போகும் குழல் போன வாரம் வெட்டிய மூங்கிலாக இருக்கலாம். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆயிரம் ரூபாய்க் குழலுக்கும் நூறு ரூபாய்க் குழலுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது அடியார்க்கு நல்லாரைச் சொல்கிறேன்.

அளவும் தருகிறார். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். தலைப்பக்கம் இரண்டு விரல் விட்டு ஊதும் துளை. அதிலிருந்து ஏழு விரல் விட்டு, அடியில் இரண்டு விரல் நீக்கி, நடுவே நின்ற ஒன்பது விரல் இடத்தில் எட்டுத் துளை. ஒரு விரலை முக்கால் அங்குலம் என்று வைத்தால் மொத்தம் பதினைந்து அங்குலம் வருகிறது. என் கடையில் இருக்கும் கர்நாடக இசைக் குழல் ஒன்றை அளந்தேன், பதினைந்தரை. எட்டுத் துளையில் ஒன்றை முத்திரை என்று கழித்துவிட்டு, இடக்கையில் மூன்று விரலும் வலக்கையில் நான்கு விரலுமாக ஏழு விரலால் வாசிக்கச் சொல்கிறார். இன்று நம் வித்துவான்கள் கைகளிலும் எட்டாவது துளை விரல் படாமல் திறந்தேதான் கிடக்கிறது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். பல்லடம் சஞ்சீவ ராவ் அதை வளர்த்தார். மாலி என்னும் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) வாய் வைப்பையும் விரல் பிடியையும் மாற்றிக் குழலைப் பாட வைத்தார்; என். ரமணி (1934–2015) நீளக் குழலையும் மேடைக்குக் கொண்டுவந்தார். இத்தனை மாறியும் அந்த எட்டாவது துளையை யாரும் அடைக்கவில்லை.

கடைக்கு வந்த ஐரிஷ் குழல்

2013-இல் ஹாவ்லாக் போகும் வழியில் (2018 முதல் அது ஸ்வராஜ் தீவு) ஒரு ஆஸ்திரேலியக்காரர் டிபன் கேரியர் வாங்கக் கடைக்கு வந்தார். மேலே தொங்கிய குழல்களைப் பார்த்ததும் கேரியரை மறந்துவிட்டார். தம் பையிலிருந்து கருமரத் துண்டுகள் மூன்றை எடுத்துச் செருகினார். இரண்டடிக்கு மேல் நீளம், ஆறு துளை. ஐரிஷ் குழல் என்றார். என் மகன் இங்கிலீஷில் பேச, நான் நடுநடுவே கேள்வி கேட்க, அன்று மத்தியானம் வியாபாரமே நடக்கவில்லை.

அந்தக் குழலின் கதை ஒரு பழைய சாமான் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ருடால் அண்ட் ரோஸ் போன்ற பட்டறைகள் மரக்குழல் செய்து விற்றன. ஜெர்மனியில் தியோபால்ட் போம் என்பவர் 1832-இல் குழலின் சாவி அமைப்பை மாற்றினார்; 1847-இல் நேரான உலோகக் குழலையே கொண்டுவந்தார். நாளடைவில் வாத்தியக் குழுக்காரர்கள் புதுக்குழலுக்கு மாற, பழைய மரக்குழல்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. அவற்றை அயர்லாந்துக் கிராமத்துக்காரர்கள் வாங்கித் தங்கள் ஆட்டப் பாட்டுகளை வாசித்தார்கள். பெரிய இடத்தில் கழித்த பொருள் சின்ன இடத்தில் உயிர் பிழைத்தது. 1970-களில் அப்பாட்டுக்கு மறுமலர்ச்சி வந்தபோது பழைய குழல் போதவில்லை. அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஆங்காங்கே தனி ஆட்கள் கடைசல் பட்டறை வைத்துக் கையாலேயே செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் பேர்பெற்ற பாட்ரிக் ஓல்வெல் என்பவர் மூங்கிலில் குழல் செய்துதான் கை பழகினார் என்று அறிந்தபோது எனக்கு அடியார்க்கு நல்லார் நினைவுதான்.

அவர்களுக்குள் வாங்கல் விற்றல் நடக்கும் முறை என் கவனத்தை இழுத்தது. நல்ல ஆளிடம் சொல்லி வைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஒருவர் கையில் இருப்பது இன்னொருவருக்குப் போகிறது. பேர்பெற்ற கைவேலையானால் பழைய குழலுக்கு விலை குறைவதில்லை. அனுப்புகிறவர் சில நாள் தவணை கொடுப்பார். வாங்கியவர் ஊதிப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் திருப்பிவிடலாம், கோபம் இல்லை. எங்கே விரிசல் இருந்தது, எங்கே ஒட்டியது என்று விற்பவர் தாமே சொல்லிவிடுவார். மறைத்தால் அடுத்த முறை யாரும் அவரிடம் வாங்கமாட்டார்கள். நாணயம்தான் அங்கே ரசீது.

தொல்லையும் உண்டு. பழைய குழல்களில் யானைத் தந்தத்தில் வளையமும் தலைப்பாகமும் இருக்கும். 1989-இல் தந்த வாணிகத்துக்கு உலகத் தடை தீர்மானமான பின் அவற்றை நாடு கடத்துவது சிக்கல். (சமணன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தமில்லை.) ஆப்பிரிக்கக் கருமரமும் 2017 ஜனவரியில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல்தான் விலக்குக் கிடைத்தது.

பேச்சு முடியும் தறுவாயில் பரணிலிருந்து அந்தப் பழைய குழலை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், அதே விரல்வைப்பில் மேல் ஸ்தாயி. இரண்டும் ஒட்டவே இல்லை. மகனின் கைப்பேசியில் சுருதி பார்க்கும் கருவியை வைத்துக் காட்டினார். முள் அந்தண்டையும் இந்தண்டையும் ஓடியது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், நடுவில் கணு சரியாகக் குடையப்படாமல் ஒரு வரம்பு போல நின்றது. "இதை வைத்துக்கொண்டு யாராலும் வாசிக்க முடியாது" என்று மகன் மொழிபெயர்த்தான்.

அந்தப் பெண்ணுக்குச் சுருதி ஞானம் இருந்திருக்கிறது. மேலே வரமாட்டேங்குது என்று அவள் அன்றே சொன்னாள். கேட்க வேண்டிய நான் விலை பேசினேன்.

ஒரே எழுத்து, மூன்று குழல்

இதன் பிறகுதான் குழல் வாங்குவதை ஒழுங்காகக் கற்கத் தொடங்கினேன். தீவிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் சுருதிக் கணக்கு. நம்மவர்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்பார்கள். மேல்நாட்டார் சி, டி என்பார்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி என்ற வரைக்கும் சரி. ஆனால் எந்த விரல்வைப்பில் வரும் ஸ்வரத்தை வைத்துக் குழலுக்குப் பெயரிடுகிறார்கள் என்பது வேறு வேறு. நம் குழலில் முதல் இரண்டு துளையை மூடினால் ஸ. வடநாட்டுப் பான்சுரியில் மூன்று துளை மூடினால் ஸ. ஐரிஷ் குழலிலோ ஆறும் மூடினால் வருவதுதான் பெயர். ஆகவே ஐரிஷ்காரர் டி என்று சொல்லும் குழலை பான்சுரிக்காரர் ஜி என்பார். டி வேண்டும் என்று மட்டும் எழுதிப் பணம் அனுப்பினால், கைக்கு எட்டாத குழல் வந்து சேரும். பிள்ளை விரல் வலிக்கிறது என்று அழும். "கர்நாடக சங்கீதத்துக்கு, எட்டுத் துளை, இத்தனை கட்டை" என்று முழுதாக எழுதுங்கள். சின்னக் கைக்கு உயர்ந்த சுருதிக் குட்டைக் குழலில் தொடங்குவது நல்லது.

குழல் கைக்கு வந்ததும் முதலில் கண்ணாடிக் கவுண்டரில் உருட்டுவேன், வளைவிருந்தால் தத்தும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உட்புறம் பார்ப்பேன். துளை விளிம்பில் தீய்ந்த பிசிறு நிற்கக் கூடாது. ஊதும் துளையில் அது நின்றால் காற்றுதான் வரும், நாதம் வராது. பிறகு தெரிந்த ஒருவரை விட்டுக் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி இரண்டையும் ஒரே விரல்வைப்பில் வாசிக்கச் சொல்லித் தம்புராவோடு ஒத்துப் பார்ப்பேன். இந்த ஒன்றில் தவறினால் மற்ற அழகு எதுவும் உதவாது. தட்பவெப்பத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்: காற்றின் சூடு ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும், சுருதியும் ஏறும். ஏ.சி. அறையில் சரியாக இருந்த குழல் நம்ம ஊர் மத்தியான வெயிலில் கொஞ்சம் தூக்கலாகப் பேசினால் செய்தவரைத் திட்டாதீர்கள்.

மூங்கில் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பான்சுரிக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் ஊர்க்காரர்கள் அஸ்ஸாம் சில்சார் மூங்கிலை வரவழைப்பார்கள். கேரள மலைகளில் ஓட என்னும் மெல்லிய சுவருள்ள நாணல் மூங்கில் விளைகிறது. மலையாளிகள் குழலை ஓடக்குழல் என்பது அதனால்தான். இரண்டிலும் கணுவுக்குக் கணு நீளம், சுவர் மெல்லிசு. நம் தீவுக் காட்டிலும் மூங்கில் உண்டே என்று நானும் ஆசைப்பட்டேன். மரமேறிப் படரும் அந்தமான் கொடி மூங்கில் தண்டு கோணல்மாணலாகப் போகிறது. கூடைக்கு ஆகும், குழலுக்கு ஆகாது.

படாக்கு மரத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 2002 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் இங்கே மரம் வெட்டக் கடும் கட்டுப்பாடு. அதனால் பழைய கட்டில் கால் ஒன்றைத் தச்சரிடம் கொடுத்துக் கடையச் சொன்னேன். உள்துளை பாதி தூரம் போய்க் கோணிக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தது. இரண்டாவது கால் தேறியது. கனம்தான் அதிகம், நாதம் மோசமில்லை. கட்டிலுக்குத்தான் இப்போது செங்கல் முட்டு.

பொருளால் நாதம் மாறுமா என்பதில் உரையாசிரியரோடு எனக்கு ஒரு சின்ன வேற்றுமை. ஜான் கோல்ட்மன் என்னும் அமெரிக்கர் 1971-இல் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் உள்ளளவு ஒன்றாகக் குழல் செய்து வாசித்துக் காட்டினார். கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க இயலவில்லை. உள்ளே நிற்கும் காற்றுதான் ஒலிக்கிறது. சுவர் அதற்கு வடிவம் கொடுக்கிறது. எனவே மூங்கில் உத்தமம் என்று அவர் சொன்னதற்கு, இயற்கையே துளையைக் குடைந்து கொடுத்துவிடுகிறது, கனமும் இல்லை என்பதே காரணமாக இருக்கும் என்று நான் கொள்கிறேன். கட்டில் கால் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

கப்பலும் மழையும்

பார்சல் வருவதற்கு ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் துணி சுற்றி வைத்து இரண்டு பக்கமும் மூடி போடச் சொல்லுங்கள். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் மேலே என்ன மூட்டை ஏறினாலும் உடையாது. இங்கே மழைக்காலத்தில் குழலில் பூசணம் பூக்கும். வாசித்த பின் உள்ளே துணி விட்டுத் துடைத்து, காற்றோட்டமாக வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். மாதம் ஒரு முறை உட்புறம் நல்லெண்ணெய் மெல்லத் தடவினால் போதும். டெல்லிப் பக்கம் குளிர்காலத்தில் கொண்டுபோகிறவர்கள் இரண்டு முனையிலும் நடுவிலும் நூல் இறுகச் சுற்றிக்கொள்ளுங்கள். தீவின் ஈரத்தில் ஊறிய மூங்கில் அங்கே காய்ந்ததும் பட்டென்று வெடிக்கும். இழந்தவர்கள் இருவரை அறிவேன்.

மூங்கிலில் பொடிவண்டு புகுவதும் உண்டு. மருந்தடித்துக் கொல்வது என் மனசுக்கு ஒப்பாது. வாங்கும்போதே பொடி உதிர்கிறதா என்று தட்டிப் பார்த்து, உதிர்ந்தால் விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன். வண்டும் தன் வீட்டோடு ஊர் போய்ச் சேரும்.

2019-இல் அந்தப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். கோவையில் குடியிருக்கிறாள், கூடவே ஏழு வயதுப் பையன். கடைக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லி, பாக்கி முப்பது ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினேன். "என்ன மாமா, இதுக்குப் போயா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தேறின குழல் ஒன்றைக் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷம் தொடாதவள், நாலைந்து முறை வெறும் காற்றுப் போன பிறகு ஸ பிடித்தாள். அதே விரலோடு மேல் ஸ்தாயிக்கு ஏறினாள். "மாமா, மேலேயும் வருது" என்றாள்.

அந்தக் குழலுக்குக் காசு வாங்கவில்லை. கோணல் குழலும் இப்போது பரணில் இல்லை, கவுண்டர் மேலேயே கிடக்கிறது. குழல் கேட்டு வருபவரிடம் முதலில் அதைக் கொடுத்து ஊதச் சொல்வேன், பிறகு நல்லதைக் கொடுப்பேன். ஊதத் தெரியாதவர்க்கு ஊதத் தெரிந்த பையன் ஒருவன் ஞாயிறு மாலை கடைக்கு வருகிறான். வாங்கிய குழல் ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் முழுப் பணமும் திருப்பித் தருகிறேன். உங்கள் வீட்டில் யாரும் வாசிக்காத குழல் கிடந்தால் கொண்டு வாருங்கள். ஊதிப் பார்த்து, தேறினால் வேண்டுகிற பிள்ளைக்குக் கைமாற்றி விடலாம். விரிசல் இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.